ஆலிஸின் 24 எட்யூட்கள்

(இசை ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஆலிஸ் ஹெர்ட்ஸ்-சோமர் என்ற பியானோக் கலைஞரைப் பற்றி. 1903 நவம்பர் 26 அன்று பிராக் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 2014 பிப்ரவரி 23 அன்று லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 110. நாஜிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து உயிரோடு மீண்டவர்களில் மிக மூத்தவர் என்று உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை மால்கம் கிளார்க் இயக்கியிருந்தார். அவர் இறந்த ஒரே வாரத்தில் அந்தக் குறும்படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. படத்தின் பெயரிலேயே, இசை என் உயிரைக் காப்பாற்றியது என்ற செய்தி இருக்கிறது.

உங்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, சின்ன வீடு, சுவரோரம் பியானோ, எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் உருகிப்போனார்கள். அந்தச் சிரிப்பு உண்மையானதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் ஆலிஸுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். அவருடைய நம்பிக்கை பிறவிக் குணமாக வந்து விழுந்ததென்று நான் நினைக்கவில்லை. விரல் நோக, நாள் தவறாமல் அவர் செய்த சாதகத்தில் அது உருவானது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அவர் வளர்ந்த வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தந்தை ஃப்ரீட்ரிஷ் ஹெர்ட்ஸ், தராசு செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். தாய் சோஃபி நல்ல படிப்பாளி. இசையிலும் இலக்கியத்திலும் ஊறியவர். ஆலிஸும் மரியானேவும் இரட்டைக் குழந்தைகள். மூத்த அக்கா இர்மாதான் ஆலிஸுக்கு முதன்முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர். அந்த அக்காவின் கணவர் ஃபெலிக்ஸ் வெல்ட்ஷ் ஒரு தத்துவ எழுத்தாளர், நாவலாசிரியர் ஃபிரான்ஸ் காஃப்காவின் நெருங்கிய நண்பர். அதனால் காஃப்கா அந்த வீட்டுக்கு வந்துபோவார். குழந்தைகளுக்குக் கதை சொல்வார். ஆலிஸ் பிறகு வாட்ஸ்லாவ் ஷ்டெபானிடமும், லிஸ்ட்டின் மாணவரான கான்ராட் அன்சோர்கேயிடமும் கற்றார். இளம் வயதிலேயே பிராக் மேடைகளில் பெயர் பெற்றுவிட்டார். 1931இல் லியோபோல்ட் சோமரை மணந்தார். அவர் வியாபாரி, ஆனால் வயலின் வாசிப்பவர். 1937இல் மகன் பிறந்தான்.

1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராக்கில் நுழைந்தது. முந்தைய இரவே ஃபெலிக்ஸ் வெல்ட்ஷும் காஃப்காவின் இன்னொரு நண்பர் மாக்ஸ் பிராடும் ரயில் ஏறி நாட்டை விட்டு வெளியேறிவிட்டார்கள். பிராடின் பெட்டிக்குள் காஃப்காவின் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. ஆலிஸின் சகோதரிகளின் குடும்பங்கள் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தன. ஆலிஸ் போகவில்லை. வயதான அம்மாவை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வாசல்கள் மூடின. யூதர்கள் மேடையில் வாசிக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது. கடைக்குப் போகக்கூட அவர்களுக்குத் தனி நேரம். 1941 செப்டம்பர் முதல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம். 1942இல் அம்மாவுக்கு நாடுகடத்தல் உத்தரவு வந்தது. அப்போது அவருக்கு வயது 72. ஒரு சிறிய மூட்டையோடு அம்மாவை, ஆட்களைச் சேர்க்கும் இடம்வரை ஆலிஸே கொண்டுபோய் விட்டார். அந்த அம்மாள் தெரெசீன் முகாம் வழியாக ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வரவில்லை.

தன் வாழ்க்கையின் மிகத் தாழ்ந்த தருணம் அதுதான் என்று ஆலிஸ் கடைசிவரை சொல்லிவந்தார். அம்மாவை விட்டுவிட்டுத் தெருவில் நடந்து வருகிறார். கணவராலும் ஆறுதல் சொல்ல முடியவில்லை, ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் பார்த்தாலும் மனம் தேறவில்லை, மருத்துவரிடம் போவதிலும் பயனில்லை. அந்த நடையின் நடுவில்தான், ஷோபானின் 24 எட்யூட்களையும் எடுத்து வாசி, அது ஒன்றுதான் உன்னை மீட்கும் என்று உள்ளிருந்து ஒரு குரல் சொன்னதாக அவர் நினைவுகூர்ந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எட்யூட் என்றால் பயிற்சிக்கான உருப்படி. ஷோபான் இவற்றை இரண்டு தொகுதிகளாக, தொகுதிக்குப் பன்னிரண்டாக எழுதினார். முதலாவது 1833இலும் இரண்டாவது 1837இலும் அச்சாயின. மொத்தத்தையும் வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு உருப்படியும் கையின் ஏதோ ஒரு பலவீனத்தைக் குறிவைத்துப் பிடிக்கிறது. முதல் தொகுதியின் இரண்டாவது எட்யூடை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் நமக்கு மிகவும் வலுக்குறைந்த விரல்கள் எவை? நடுவிரலுக்கு அப்பால் இருக்கும் மோதிர விரலும் சுண்டு விரலும். ஷோபான் அந்த இரண்டையும் நடுவிரலோடு சேர்த்து, கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டை ஒன்றுவிடாமல் மேலும் கீழும் ஓடவிடுகிறார். அதே கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இடையிடையே தாளத்துக்கு ஸ்வரக்கொத்துகளைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் முன்கை இரும்பாக இறுகிப்போகும். அப்படி இறுகாமல் வாசிக்கக் கற்பதுதான் பாடம். இன்னொரு எட்யூடில் வலது கை முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே விளையாடும். இரண்டாம் தொகுதியின் ஆறாவதில் ஒரே கை இரட்டை ஸ்வரங்களாக ஓட வேண்டும். பேர்பெற்ற வித்வான்களே 24ஐயும் ஒரே கச்சேரியில் வைக்கத் தயங்குவார்கள்.

துக்கத்தில் இருப்பவர்கள் பொதுவாகத் தெரிந்த பாட்டைத் தேடுவார்கள். மெல்லிய, மனதை வருடும் ஒன்றைத் தேடுவார்கள். ஆலிஸ் தேடியது பியானோ இலக்கியத்திலேயே மிகக் கடினமான வேலையை. அவரைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். நாள்தோறும் மணிக்கணக்காக உட்கார்ந்தார். தெருவில் மஞ்சள் நட்சத்திரம். வீட்டுக்குள் நாலாவது விரலுக்கும் ஐந்தாவது விரலுக்கும் இடையிலான சண்டை. கவனம் ஒரு நொடி சிதறினாலும் கை தடுக்கிவிடும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்துக்காவது மனத்தில் வேறு எதற்கும் இடமில்லை. ஒரு வருஷத்துக்குள் 24ம் மனப்பாடம் ஆகிவிட்டன. இசைத்தாள் தேவையில்லை. யாராலும் பறிமுதல் செய்ய முடியாத ஒரு சொத்து அவரிடம் சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் அதுதான் தேவைப்பட்டது.

1943 ஜூலையில் ஆலிஸுக்கும் கணவருக்கும் பிள்ளைக்கும் தெரெசீன் போகும்படி உத்தரவு வந்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவை அவர் பேட்டிகளில் விவரித்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் வந்து வீட்டுப் பொருட்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அதே கட்டடத்தில் குடியிருந்த ஒரு நாஜி மட்டும் வந்து, இத்தனை நாள் உங்கள் பியானோவைக் கேட்டு மகிழ்ந்தேன், நீங்கள் திரும்பி வர வேண்டும் என்ற பொருள்படப் பேசிவிட்டுப் போனாராம். மனிதர்களைக் கூட்டமாக எடைபோட மறுத்த அவருடைய பிடிவாதத்துக்கு இந்த இரவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

தெரெசீன், பிராக்குக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் கோட்டை நகரம். பேரரசர் இரண்டாம் ஜோசப் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரால் கட்டியது. போருக்கு முன் ஏழாயிரம் பேர் அளவுக்கு வாழ்ந்த அந்த இடத்தில், 1942 செப்டம்பரில் 58,000 பேரை அடைத்திருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 15,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள்; பசியாலும் நோயாலும். போர் முடியும்வரை அங்கே கொண்டுவரப்பட்ட யூதர்கள் சுமார் 1,40,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 33,000 பேர் அங்கேயே மடிந்தார்கள். சுமார் 88,000 பேர் ஆஷ்விட்ஸ், ட்ரெப்ளிங்கா போன்ற முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டுதான் அங்கே நடந்த கச்சேரிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆம், கச்சேரிகள். ஐரோப்பாவின் நல்ல இசைவாணர்கள் பலரை நாஜிகள் அந்தக் கோட்டைக்குள் தள்ளியிருந்தார்கள். விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், ஹான்ஸ் கிராசா, கிடியோன் கிளைன் ஆகிய இசையமைப்பாளர்கள். கரெல் அன்செர்ல் என்ற நடத்துநர். ரஃபாயேல் ஷாக்டர் என்பவர் கைதிகளைக் கொண்டே வெர்டியின் ரெக்வியம் என்ற பெரும் படைப்பைப் பாடவைத்தார். பாடகர்கள் நாடுகடத்தப்பட்டபோதெல்லாம் புது ஆட்களைச் சேர்த்து முதலிலிருந்து ஒத்திகை தொடங்கினார். ஆரம்பத்தில் வாத்தியங்கள் கடத்திவரப்பட்டவைதான். கால் இல்லாத ஒரு பழைய பியானோவை முட்டுக்கொடுத்து நிறுத்தி வாசித்தார்கள். பின்னால் நாஜிகளே இதை அனுமதித்தார்கள். வெளியுலகத்துக்குக் காட்டுவதற்கு அவர்களுக்கு இது வசதியாக இருந்தது.

ஆலிஸ் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். பீத்தோவன், ஷூமன், ஷோபான். 24 எட்யூட்களையும் ஒரே அமர்வில், தாள் இல்லாமல் வாசித்தார். கேட்க வந்தவர்கள் பசித்தவர்கள், நோயாளிகள், வயதானவர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு இசையே அவர்களுக்கு ஆகாரமாக இருந்தது என்றுதான் ஆலிஸ் எப்போதும் சொல்வார். உல்மன் முகாமுக்குள் இருந்துகொண்டே 26 கச்சேரி விமர்சனங்கள் எழுதினார். ஆலிஸின் வாசிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஒருவர், சுருதி சரியா, காலப்பிரமாணம் சரியா என்று எழுதிவைத்திருக்கிறார். கலையின் தரத்தை அவர்கள் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. முகாம்தானே, ஏதோ வாசித்தால் போதும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆறு வயது மகனும் மேடை ஏறினான். கிராசாவின் புருண்டிபார் என்ற சிறுவர் இசைநாடகம் அங்கே 55 முறை அரங்கேறியது. நோயுற்ற அம்மாவுக்குப் பால் வாங்க அண்ணனும் தங்கையும் சந்தையில் பாடுகிறார்கள். ஒரு கொடிய வாத்தியக்காரன் விரட்டுகிறான். குருவியும் பூனையும் நாயும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து அவனைத் தோற்கடிக்கிறார்கள். அதில் குருவியாகப் பாடியவன் ஆலிஸின் மகன். ஒவ்வொரு நாடுகடத்தலுக்குப் பிறகும் பாத்திரங்களுக்கு வேறு பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது.

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதிகள் பார்வையிட வந்தார்கள். கூட்டம் தெரியக் கூடாது என்பதற்காக அதற்கு முந்தைய மாதத்தில் மட்டும் 7,503 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஊருக்கு வண்ணம் பூசினார்கள். வந்தவர்களுக்குப் புருண்டிபாரையும் காட்டினார்கள். பார்த்தவர்கள் திருப்தியோடு திரும்பினார்கள். பிள்ளைகளின் பாட்டு ஒரு பொய்க்குத் திரைச்சீலை ஆனது. இசையைப் போற்றும் நாம் இதையும் மறக்காமல் சொல்லத்தான் வேண்டும். எனக்கு இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் செப்டம்பர் இறுதிமுதல் ஒரே மாதத்தில் 18,000க்கும் மேற்பட்டவர்களை ரயில் ஏற்றினார்கள். லியோபோல்ட் அதில் ஒருவர். பிரியும் முன் மனைவியிடம் அவர் ஒரே ஒரு வாக்குறுதி கேட்டார்: நீயாக முன்வந்து எதற்கும் பெயர் கொடுக்காதே. சில நாள் கழித்து, கணவர்களோடு சேர விரும்பும் பெண்கள் கிளம்பலாம் என்று அறிவிப்பு வந்தது. நம்பிப் போனவர்கள் மாண்டார்கள். ஆலிஸ் போகவில்லை. லியோபோல்ட் ஆஷ்விட்ஸிலிருந்து டாகாவ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன் 1945இல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். அக்டோபர் 16 அன்று கிளம்பிய ரயிலில் உல்மன், ஹாஸ், கிராசா, கிளைன், ஷாக்டர் எல்லாரும் இருந்தார்கள். முதல் மூவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். கிளைன் 1945 ஜனவரியில், 25 வயதில், ஒரு நிலக்கரிச் சுரங்க முகாமில் இறந்தார்.

இசை ஆலிஸின் உயிரைக் காப்பாற்றியதா? ஓர் இரவு ஓர் இளம் ஜெர்மன் அதிகாரி வழிமறித்து, ஜன்னலுக்கு வெளியே நின்று உங்கள் கச்சேரியைக் கேட்பேன், உங்கள் பெயரும் பிள்ளையின் பெயரும் நாடுகடத்தல் பட்டியலில் வராது என்று சொன்னதாக ஆலிஸ் சொல்லியிருக்கிறார். அப்படியானால் காப்பாற்றியது ஓர் அதிகாரியின் மனம்போன போக்கு. உல்மன் ஆலிஸைவிட இசையை எந்த வகையில் குறைவாக நேசித்தார்? கிளைனின் விரல்கள் எந்த வகையில் குறைந்தவை? இசை உயிர்காக்கும் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொன்னால், இறந்துபோனவர்களின் இசையில் ஏதோ குறை இருந்தது என்று ஆகிவிடும். அது பெரிய அநியாயம்.

அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் என்ற செல்லோக் கலைஞர் ஆலிஸைப் பற்றிய அந்தப் படத்திலேயே தோன்றுகிறார். ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவின் பெண்கள் இசைக்குழுவில் வாசித்ததால் உயிர் பிழைத்தவர். அந்தக் குழுவை நடத்தியவர் இசைமேதை குஸ்டாவ் மாலரின் சகோதரி மகள் அல்மா ரோசே. கைதிகள் காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வாசலில் நின்று அணிவகுப்பு இசை வாசிப்பது அவர்கள் கடமை. மெங்கெலே என்ற கொலைகார மருத்துவர் வந்து ஷூமனின் ஓர் உருப்படியை வாசிக்கச் சொல்ல, அனிதா வாசித்திருக்கிறார். போருக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் ஜெர்மனியில் கால் வைக்கவில்லை. ஆலிஸோ யாரையும் வெறுக்க மறுத்தார். ஜெர்மானிய நண்பர்கள் அவருக்கு இருந்தார்கள். இருவருமே தத்தம் அனுபவத்துக்கு நேர்மையாக இருந்தவர்கள். ஆலிஸின் மன்னிப்பை அளவுகோலாக வைத்து, கோபத்தோடு வாழ்ந்த மற்றவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆலிஸின் உயிரை இசை காப்பாற்றியது என்பதைவிட, உயிர் இருந்த நாட்களில் அவரை ஆலிஸாகவே இசை வைத்திருந்தது என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்குச் சாட்சி அவருடைய பிற்கால வாழ்க்கை. 1945 மே 8 அன்று சோவியத் படை தெரெசீனுக்கு வந்தது. மகனோடு பிராக் திரும்பினால், அவர் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். 1949இல் இஸ்ரேல் போனார். ஜெருசலேம் இசைக் கல்விக்கூடத்தில் பல ஆண்டுகள் மாணவர்களை உருவாக்கினார். மகன் ராஃபாயேல் சோமர் என்ற பெயரில் சிறந்த செல்லோக் கலைஞர் ஆனார். பாரிஸில் பால் டார்ட்டெலியேயிடம் கற்றவர். மகன் அருகில் இருக்க வேண்டும் என்று 1986இல் ஆலிஸ் லண்டனுக்கு வந்தார்.

2001இல் அந்த மகனும் திடீரென்று இறந்துபோனார். இஸ்ரேலில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, 64 வயதில். பசியிலிருந்தும் பட்டியலிலிருந்தும் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ஒரே பிள்ளை. தாய்க்கு அப்போது 98 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பியானோவை மூடியிருப்பார்கள். ஆலிஸ் மறுபடி போய் உட்கார்ந்தார். 1942இல் எதைச் செய்தாரோ அதையே செய்தார். நாள்தோறும் மூன்று மணி நேரம். வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெருவில் போவோர் நின்று கேட்பது வழக்கமாயிற்று.

முதுமையில் ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் மடங்க மறுத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தனக்குத் தெரிந்த உருப்படிகளுக்கெல்லாம் விரலமைப்பை மாற்றி எட்டு விரல்களால் வாசிக்கப் பழகினார். வாத்தியம் வாசிப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். கையில் ஊறிப்போன விரல் வழக்கத்தை மாற்றுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். எண்பது ஆண்டுகளாகக் கையில் இருந்ததை அழித்து எழுதினார் அந்த அம்மாள். நாளைக்கும் வாசிக்கப்போகிறேன் என்று நினைப்பவர்தானே புதிதாக விரலமைப்புப் போடுவார்? அவருடைய நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆலிஸின் படத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கிடியோன் கிளைன் ஆஷ்விட்ஸ் ரயில் ஏறுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு தந்திவாத்திய மூவிசையை எழுதி முடித்தார். வயலின், வியோலா, செல்லோ. அதன் நடுப்பகுதி, மொராவியா நாட்டுப்புறப் பாடல் ஒன்றை வைத்துப் பின்னியது. முழுவதும் கேட்கக் கால் மணி நேரம்கூட ஆகாது, இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. 24 எட்யூட்களைக் கேட்கும் நாளில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.